ஏழாம் நம்பர் இல்லாத சீசன்

"இந்த வருஷம் என்ன எதிர்பார்க்கிறாய்?"

செப்டம்பரில் ஒரு காலை, தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு கேரல் என்னிடம் கேட்டது இது. ஓய்வு பெற்ற ஆசிரியை, எழுபது வயதிருக்கும். அவர் கேட்டது என் வாழ்க்கையைப் பற்றி அல்ல. எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியைப் பற்றி. சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். 

அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் இது. என் கணவருக்கு இந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை. வந்து மூன்று வருடம் ஆகிறது. இங்கே இலைகள் பழுக்கத் தொடங்கினால் வீட்டு வாசல்களில் சிவப்புக் கொடி ஏறிவிடும். சீசன் தொடங்க ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போதே எல்லோரும் ஆரூடம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். மளிகைக் கடையில் பில் போடும் பெண் சொல்கிறாள், பல் மருத்துவர் என் வாயில் கருவியை வைத்துக்கொண்டே சொல்கிறார்: இந்த முறை கோப்பை நமக்குத்தான். ஆசையை இப்படி வாய்விட்டுச் சொல்வதை முதல் வருடம் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. எங்கள் வீட்டில் நல்லது எதையும் நடப்பதற்கு முன் சத்தமாகச் சொல்ல மாட்டோம். கண் பட்டுவிடும்.

அதற்கடுத்த வாரம் கேரல் மறுபடி தபால் பெட்டியருகே நின்றார். இந்த முறை முகம் வாடியிருந்தது. "அந்த முட்டியை நினைத்தால் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பாவம், சின்ன வயசு" என்றார். இவருக்கு எப்படித் தெரிந்தது? என் ஐந்து வயது மகள் ஹனா சொல்லியிருப்பாளோ? கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நடைபாதையிலேயே நான் அழுதுவிட்டேன். ஊரிலிருந்து திரும்பிய பிறகு நான் அழுதது அதுதான் முதல் தடவை. கேரல் என்னைக் கட்டிக்கொண்டார். அவரும் கண் கலங்கினார். "நீ ட்ரூ ஃபேன், இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போச்சே" என்றார். அப்புறம்தான் புரிந்தது. அவர் சொன்னது இந்த ஊர் அணியின் முக்கிய ஆட்டக்காரனின் முட்டியை. பயிற்சியில் கால் மடங்கிவிட்டதாம். அவனுடைய ஸ்கேன் முடிவு அன்றைய உள்ளூர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்திருந்ததாம். மறுநாள் என் தபால் பெட்டியில் ஒரு சிவப்புத் தொப்பியும் இரண்டு டிக்கெட்டும் இருந்தன. நான் அழுதது வேறொரு முட்டிக்காக என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த முட்டி என் தங்கை சபீனாவுடையது.

எங்கள் வீடு சென்னீர்குப்பத்தில். அத்தாவுக்குப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மெத்தைக் கடை. எனக்கும் சபீக்கும் எட்டு வருட இடைவெளி. நான் பி.காம். படித்தேன், சொன்ன இடத்தில் கல்யாணம் செய்துகொண்டேன், சொன்ன ஊருக்கு வந்தேன். சபீ பத்தாம் வகுப்பில் ஐந்தடி எட்டங்குலம் வளர்ந்து நின்றாள். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அவளை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கூப்பிட்டுச் சீட் கொடுத்தது. பாய் வீட்டுப் பெண்ணை எப்படி ஆட விடுகிறீர்கள் என்று சொந்தத்தில் கேட்டவர்களிடம் அத்தா, "அல்லா உயரத்த குடுத்தது எதுக்கு, பரண்ல இருக்கிற பாத்திரத்த எடுக்கவா?" என்று கேட்டு வாயடைத்துவிட்டார்.

இந்தக் கோடையில் ஹனாவோடு இரண்டு மாதம் அங்கே இருந்தேன். கல்லூரி மைதானம் ஹைவேயை ஒட்டி இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குப் பந்துச் சத்தம் கேட்டால் சர்வீஸ் ரோட்டில் ஷேர் ஆட்டோக்கள் ஒதுங்கி நிற்கும். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு டிரைவர்கள், ஹாஸ்டல் பெண்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள். போன வருடம் மண்டல இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றிருந்தார்கள். ஏழாம் நம்பர் சட்டை போடும் சபீக்கு இது கடைசி வருடம். அதனால் அந்த வேலியோரம் முழுக்க ஒரே பேச்சுதான். எதிரே டீக்கடை வைத்திருக்கும் பாபு அண்ணன் கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே அத்தாவைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"இன்னா பாய், இந்த வாட்டி கப்பு நம்பளுதுதான? ஏழாம் நம்பர் கீதுல்ல, அப்புறம் இன்னா கவல?"

"எல்லாரும் நல்லாதான் ஆடுறாங்க பாபு. ஏழு மட்டுமா டீமு?"

"அய்ய, பெத்தவரு வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்கறாரு பாரு. நான் சொல்றேன் கேட்டுக்கோ. கப்பு வர்ற அன்னிக்கு ஃபுல்லா டீ ஃப்ரீ. பாய்க்கு மட்டும் காசு."

வேலியோரம் சிரிப்பு. பாபு அண்ணன் சொன்னது உண்மைதான். அத்தா வாய் திறந்து சொல்ல மாட்டார். சாயங்காலக் கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு, மேல்சட்டையில் பஞ்சு ஒட்டியபடி வந்து, கூடைக் கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். அணியின் மற்ற பெண்கள் பேரையெல்லாம் சொல்லிக் கத்துவார். "ஜெனிஃபர், சூப்பர்மா! கவிதா, பின்னாடி பாரு!" சபீ பந்தோடு ஓடும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருப்பார். நான் சின்ன வயதில் பரிசு வாங்கியபோதும் அப்படித்தான்; கைதட்டாத ஒரே ஆள் அவர்தான்.

நான் போய் ஒரு மாதம் இருக்கும். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஹனா தண்ணீர்த் தொட்டியடியில் கிளிப்புகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். சபீ மெதுவாகப் படியேறி வந்தாள். ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து வலது காலை இழுத்துக்கொள்வதைக் கண்டேன்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கத்தாத. முட்டி கழண்டு போய்த் திரும்ப வர்ற மாதிரி இருக்கு. போன வாரம் குதிச்சு இறங்கும்போது 'டக்'குன்னு சத்தம் கேட்டுச்சு. கோச் மேடம்கிட்ட சொல்லட்டுமா?"

"அத்தாக்குத் தெரியுமா?"

"உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று எனக்குள் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். அணித் தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. கடைசி வருடம். சொன்னால் எடுக்க மாட்டார்கள். அதுமட்டுமில்லை, அம்மா அவளுக்கு ஆவடியில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார். நல்ல குடும்பம், பையனுக்கு நிரந்தர வேலை, ஆட்டத்துக்கும் ஆட்சேபம் சொல்லவில்லை. பூந்தமல்லியில் நாங்கள் போகக்கூடிய ஸ்கேன் சென்டரில் முன் மேஜையில் உட்கார்ந்திருப்பவள் அந்தப் பையனின் சித்தி மகள். சபீனா பேரில் ஒரு சீட்டுப் போனால் அன்றைக்கே ஆவடிக்குச் செய்தி போகும். கால் ஊனமான பெண் என்று ஒருமுறை பேர் விழுந்தால் அதை எந்த டாக்டர் வந்தும் எடுக்க முடியாது என்று நினைத்தேன். வேறு ஊரில் போய் ஸ்கேன் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் தினம் கேட்டுக்கொள்கிறேன்.

"இப்போ யார்கிட்டயும் சொல்லாத. செலக்ஷன் முடியட்டும். பாத்துக்கலாம்" என்றேன்.

திருநின்றவூரில், ஏரிக்குப் போகும் வழியில், கட்டுப் போடும் வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தோழி வீட்டுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். வைத்தியர் முட்டியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். "இது எலும்பு இல்லம்மா, சவ்வு. கட்டு போட்டா வீக்கம் எறங்கும், வலி நிக்கும். ஆனா ரெண்டு மாசம் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. டவுன்ல படம் எடுத்துப் பாத்துடுங்க" என்றார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. முட்டையின் வெள்ளைக்கருவும் பச்சிலையும் தடவித் துணி சுற்றி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். இரண்டு மாதம் என்று அவர் சொன்னதை நாங்கள் இருவரும் கேட்டோம். பஸ்ஸில் திரும்பும்போது அதைப் பற்றிப் பேசவில்லை. வலி நிற்கும் என்று சொன்னதை மட்டும் பேசிக்கொண்டு வந்தோம்.

நான்காம் நாள் வலி நின்றது. அதுவரை காய்ச்சல் என்று போர்வைக்குள் படுத்திருந்தவளின் கட்டை ஐந்தாம் நாள் பிரித்தோம். அதற்கப்புறம் தினமும் காலையில் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, நான்தான் அவள் முட்டியில் ஸ்ட்ரெட்ச் பேண்டேஜ் சுற்றிவிடுவேன். மேலே தொளதொள டிராக் பேன்ட். ஹனா பக்கத்தில் நின்று கிளிப் எடுத்துக் கொடுப்பாள். "இது நமக்குள்ள ரகசியம். நன்னாகிட்ட சொல்லக்கூடாது" என்று சொல்லி வைத்திருந்தேன். அத்தாவை அவள் நன்னா என்றுதான் கூப்பிடுவாள். நர்ஸ் வேலை கிடைத்த பெருமையில் அவள் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை.

இங்கே திரும்பிய பிறகு ஒருநாள் ஹனாவின் பள்ளியிலிருந்து நர்ஸ் போன் செய்தார். விளையாட்டு மைதானத்தில் விழுந்து முட்டியில் தோல் உரசிவிட்டதாம்; ஐஸ் வைத்தோம், பத்து நிமிடம் உட்கார வைத்தோம், ஒரு தாள் பையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றார். அந்தத் தாளில் எந்த முட்டி, எத்தனை மணி, யார் பார்த்தது என்று எல்லாம் இருந்தது. அதே வாரம் மளிகைக் கடை வரிசையில் முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் இந்த ஊர் ஆட்டக்காரனின் தசைநார் எவ்வளவு கிழிந்திருக்கிறது, எத்தனை வாரத்தில் ஓடலாம் என்று தங்கள் வீட்டுப் பிள்ளையைப் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் இல்லாமல் ஜனவரி வரை சமாளித்துக்கொள்ளலாம், அவசரப்பட்டு இறக்கிவிடக்கூடாது என்று ஒருவர் சொன்னார். அங்கேயும் வேலியோரம் நின்றவர்களிடம் சொல்லியிருந்தால் பாபு அண்ணனும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று அப்போது தோன்றியது. அவர்கள் எதிர்பார்ப்புக்குப் பயந்துதான் மறைத்தேன் என்று பழியை அவர்கள்மேல் போட்டுத் தப்பிக்கப் பார்த்தேனா என்று உடனே என்னையே சந்தேகப்பட்டேன். ஸ்கேன் எடுக்காதே என்று பாபு அண்ணனா சொன்னார்? நான்தானே.

ஊரில் நடந்த அந்த அணித் தேர்வில் சபீயை எடுத்துவிட்டார்கள். அன்று மாலை அத்தா பிரியாணி வாங்கி வந்தார். என்னைப் பார்த்து சபீ கண்ணடித்தாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துக் கல்லூரியோடு நட்பு ஆட்டம். வேலியோரம் இடமில்லை. மூன்றாவது கால்பகுதியில் சபீ பந்தைப் பறித்துக்கொண்டு தனியாக ஓடினாள். எதிரே யாருமில்லை. யாரும் அவளைத் தொடவுமில்லை. கூடைக்குக் கீழே வலது காலை ஊன்றித் திரும்பினாள். கால் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. பந்து உருண்டு வேலிக்கு வந்தது. அந்தச் சத்தமற்ற நொடியில் ஒரு குரல் கேட்டது. "சபீனா!" அத்தா. இத்தனை வருடத்தில் மைதானத்தில் அவர் அவள் பேரைச் சொல்லிக் கத்தியது அன்றுதான்.

மேடம் டிராக் பேன்ட்டை முட்டிக்கு மேலே ஏற்றினார். நான் காலையில் சுற்றிவிட்ட பேண்டேஜ் எல்லோருக்கும் தெரிந்தது.

ஸ்கேனில் தசைநார் முழுக்க அறுந்திருந்தது. உள்ளே இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. பழைய காயம் ஒன்று இருந்திருக்கிறது, அப்போதே வந்து ஓய்வு எடுத்திருந்தால் அறுவை சிகிச்சை இல்லாமலே போயிருக்கலாம் என்றார் டாக்டர். "எப்போலேருந்து வலி?" அத்தா சபீயைப் பார்த்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் சபீ சொல்லிவிட்டாள்.

"ஒரு மாசமா அத்தா. நான்தான் யார்கிட்டயும் சொல்லல. அக்காவுக்குக் கூடத் தெரியாது."

ஹனா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். அவள் அடங்கிவிட்டாள்.

இரண்டு நாளில் விமானம். ஹனாவுக்குப் பள்ளி திறக்கிறது, டிக்கெட் மாற்ற முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று நான் கேட்டே பார்க்கவில்லை. அறுவை சிகிச்சை நடந்தபோது நான் இந்த ஊர்ச் சமையலறையில் நின்று மதிய உணவு டப்பாவில் ஆப்பிள் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆவடிக்காரர்கள் பிற்பாடு விசாரித்துவிட்டு, கால் சரியானதும் பேசலாம் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். எதற்குப் பயந்தேனோ அது அவ்வளவு பெரிய பூதமாகக்கூட இல்லை.

அத்தா இப்போது மைதானத்துக்குப் போவதில்லை. சபீயிடம் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும்தான் பேசுகிறாராம். கோப்பைக் கனவு போனதற்காக அல்ல. போன மாதம் போனில் என்னிடம் சொன்னார்: "காலு ஒடஞ்சா கட்டிக்கலாம் நஸ்ரின். ஒரு மாசம் என் முன்னாடி நடந்து நடந்து பொய் சொல்லியிருக்கா. நான் அந்தக் கம்பத்துக்குப் பின்னாடி கேனயன் மாதிரி நின்னுகிட்டு இருந்திருக்கேன். உன்கிட்ட கூட சொல்லலயே அவ. நீ ஒருத்திதாம்மா என்கிட்ட எதையும் மறைக்காதவ."

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். "அத்தா, அடுப்புல பால்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

சபீயிடம் கேட்டால் வேண்டாம் என்கிறாள். "எனக்கு எப்படியும் திட்டு விழுந்தாச்சு. ரெண்டு பேரும் எதுக்கு வாங்கணும்? அவருக்கு ஒரு பொண்ணாவது நல்ல பொண்ணா இருக்கட்டும்க்கா." அவள் என்னைக் காப்பாற்றுகிறாளா, அத்தாவைக் காப்பாற்றுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இருபது வயதுப் பெண் செய்யக்கூடிய வேலையா அது?

இப்படியே நாளைக் கடத்தியிருப்பேன். ஆனால் பதினைந்து நாளுக்கு முன் ஹனாவைக் குளிப்பாட்டும்போது அவள் மணிக்கட்டு வீங்கியிருப்பதைப் பார்த்தேன். தொட்டால் முகம் சுளித்தாள். ஊஞ்சலிலிருந்து விழுந்து இரண்டு நாள் ஆகிறதாம். ஏன் சொல்லவில்லை, பள்ளியில் நர்ஸிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா நீ பயப்படுவே. நான் பாத்துக்கலாம்னு இருந்தேன்" என்றாள். நல்லவேளை, சுளுக்குதான். மருத்துவமனையில் படம் எடுத்து முடியும்வரை நான் நாற்காலியில் உட்காரவே இல்லை.

போன ஞாயிறு மதியம், கேரல் தந்த டிக்கெட்டில் ஹனாவை அழைத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனேன். சீசனுக்கு முன்னால் ரசிகர்களுக்காக நடத்தும் ஆட்டம். இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. ஊர் அணி முதல் கூடையைப் போடும்வரை யாரும் உட்காரக்கூடாது. எல்லோரும் நின்று கைதட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று பந்து உள்ளே போகவே மாட்டேனென்றது. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். காயம்பட்ட அந்தப் பையன் முட்டியில் பட்டையோடு, எல்லோரும் பார்க்க, பென்ச்சில் உட்கார்ந்திருந்தான். காலையில் சபீ அனுப்பிய குரல் பதிவை அதுவரை நான் கேட்கவில்லை. ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டினேன்.

"அக்கா, இன்னிக்கு ப்ராக்டிஸ்ல என்னை ஸ்கோர் எழுத வச்சாங்க. மண்டலப் போட்டிக்கு மூணு வாரம்தான் இருக்கு. ஏழாம் நம்பரை யாருக்கும் குடுக்கல, மேடம் சும்மாவே வச்சிருக்காங்க. பாபு அண்ணன் வந்து, இன்னா பாப்பா, பாய் இன்னிக்கும் வர்லியான்னு கேட்டாரு. கடையில கூட்டம்ணான்னு சொல்லிட்டேன்."

அவள் பேச்சுக்குப் பின்னால் விசில், ரப்பர் ஷூ தரையில் கிறீச்சிடும் சத்தம், ஹைவே லாரியின் ஹாரன். இன்னொரு காதில் பல்லாயிரம் பேரின் கைதட்டல். இரண்டு பக்கமும் பந்து தரையில் அடிக்கும் ஒரே சத்தம். எந்தக் காதில் கேட்பது எங்கே நடக்கிறது என்று ஒரு கணம் எனக்குப் பிடிபடவில்லை. ஹனா என் சட்டையை இழுத்து, "அம்மா, எப்ப உக்காரலாம்?" என்றாள். நான் கைதட்டிக்கொண்டே நின்றேன்.

இதைப் படிக்கிற நீங்கள், அங்கே இருப்பவர்களானாலும் என்னைப்போல் வந்துவிட்டவர்களானாலும், எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் அத்தா சபீயோடு பேசுவார். ஆனால் எதையும் மறைக்காத பிள்ளை என்று அவர் நம்பிக்கொண்டிருக்கும் ஒருத்தியும் அவருக்கு இல்லாமல் போவாள். போனில் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நான் இங்கே எப்படி இருப்பேன்? நேரில்தான் சொல்ல வேண்டுமென்றால் அடுத்த கோடைவரை சபீ தனியாகச் சுமக்க வேண்டும். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவள் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதும்போது அத்தா அந்தக் கம்பத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும், எனக்கு அது போதும். பெற்றவர்களிடம் இப்படி ஒன்றைச் சொல்லித் தீர்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். போனை எடுத்து, "அத்தா" என்று கூப்பிட்ட பிறகு, அடுத்த வார்த்தையாக நீங்கள் என்ன சொன்னீர்கள்?